தரவு: கண்டெடுத்த புதையலா, அமானிதமா?

வணிக உலகில் மிகுதியாக எடுத்தாளப்படும் உவமைகளுள் ஒன்று, தரவினைப் புதிய எண்ணெய் என வருணிப்பதாகும். பிரித்தானியக் கணிதவியலாளர் கிளைவ் ஹம்பி 2006-இல் இதனைக் கூறினார். டெஸ்கோ அங்காடிகள் 1995-இல் அறிமுகம் செய்த ‘கிளப்கார்டு’ திட்டத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றியவர் அவர். எவர், எதனை, எவ்வளவு வாங்கினார் என்பதை அட்டையின் வழியே திரட்டி, அவரவர்க்கேற்ற சலுகைச் சீட்டுகளை அனுப்பியது அத்திட்டம். இன்று கைப்பேசி அவ்வட்டையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வாங்கிய பொருள் மட்டுமன்றி, சென்ற இடமும் தங்கிய நேரமும் வணிகத்தின் மூலப்பொருளாகிவிட்டன.

உவமைகள் அலங்காரத்திற்காக மட்டும் வழங்குவதில்லை. அவை உரிமைகளையும் தீர்மானித்துவிடுகின்றன. நிலத்தடிச் செல்வம் எடுக்கப்படும் முறையை நெய்வேலியில் வாழ்வோர் நன்கறிவர். 1956-இல் நிறுவனம் தோன்றிய பின், மேல்மண்ணை அகற்றி, நிலத்தடி நீரை இறைத்து, பழுப்பு நிலக்கரி வெட்டியெடுக்கப்பட்டு வருகிறது. அதற்கும் முன்னதாக எழும் வினா, மேலுள்ள நிலம் யாருடையது என்பதே. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் கால்வாய் தோண்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும் அவ்வினாவின் தொடர்ச்சியே. இழப்பீடு போதுமா என்பதில் பூசல் உண்டு. உரியவர் ஒருவர் உண்டு என்பதில் பூசல் இல்லை. தரவினை எண்ணெய் என்றழைக்கும்போது மறைந்துபோவது அவ்வுரியவரே. ஃபிக்ஹின் மொழியில் கூறின், நிறுவனங்கள் தரவினை உரியவர் அறியப்படாத பழம்புதையலாகிய ‘ரிகாஸ்’ எனக் கருதுகின்றன. உண்மையில் அது உயிருடன் இருக்கும் ஒருவரின் அமானிதமாகும்.

இதன் விளைவை நம் சமுதாயம் 2020 நவம்பரில் கண்டது. தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் அறியக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய ‘முஸ்லிம் புரோ’ செயலியிலிருந்து, பயனர்களின் இருப்பிடத் தரவு ‘எக்ஸ்-மோட்’ என்னும் தரவு வணிக நிறுவனத்திற்குச் சென்றதும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததும் ‘மதர்போர்டு’ இதழால் வெளிப்பட்டன. செயலியினர் அத்தொடர்பை உடனே முறித்துக்கொண்டனர். 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், வழிபாட்டிடம் போன்ற நுண்ணிய இடங்களைப் பற்றிய தரவினை விற்க அந்நிறுவனத்திற்குத் தடை விதித்தது.

பெயரை நீக்கிவிட்டோம் என்று நிறுவனங்கள் விடையிறுப்பதுண்டு. நெய்வேலி முகவரிகளில் வட்டத்தின் எண்ணும் வீட்டின் எண்ணும் இடம்பெறும். இரவுதோறும் ஒரே வீட்டிலும், வெள்ளிதோறும் ஒரே பள்ளிவாசலிலும் தங்கும் கைப்பேசிக்குப் பெயர் எதற்கு?

பயனரே இசைவு தந்தார் என்பது அவர்தம் மற்றொரு விடை. வணிகத்தின் அடிப்படை இருதரப்பு மனப்பொருத்தம் என்பதையும், விற்கப்படும் பொருள் இன்னதென அறியப்படாத ‘கரர்’ வணிகம் விலக்கப்பட்டது என்பதையும் மதரஸாவின் தொடக்க மாணவரும் அறிவர். எவருக்கு, எதற்காகத் தரப்படும் என்பது தெரியாத நிலையில், நீண்ட ஆங்கில வாசகத்தின் அடியில் விரல் வைப்பதை மனப்பொருத்தம் என எங்ஙனம் கொள்வது? இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இசைவு தடையற்றதாகவும் குறிப்பானதாகவும் அறிந்து தரப்படுவதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. எனினும் நிறுவனங்களின் முதன்மைக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ளவும் அச்சட்டத்தில் இடமுண்டு.

பெருந்தரவினால் நன்மையே இல்லை என்பது நம் கருத்தன்று. நோய் பரவும் திசையை அறியவும், பொருள் தேங்காமல் வணிகம் செய்யவும் அது உதவுகிறது. ஒரு நோக்கத்திற்கெனப் பெற்றதை மற்றொரு நோக்கத்திற்குத் திருப்புவதே கேடு. கிப்லாவை அறியத் தந்த இருப்பிடம் இராணுவ ஒப்பந்ததாரரை வாடிக்கையாளராகக் கொண்ட நிறுவனத்தின் கைக்கு எட்டியது அவ்வாறே.

இவ்வளவுகோல் பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. ஜகாத் பெறுவோரின் பட்டியலையும், மணமக்களின் விவரங்களையும், மாணவர்களின் ஆதார் நகல்களையும் நம் ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் வைத்துள்ளன. ஓர் ஏழை விதவையின் பெயரும் தொலைபேசி எண்ணும் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வருமாயின், பிறர் செய்த குற்றத்தைச் சுட்டும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்? தேவையானதை மட்டும் கேட்டுப் பெறுதல், கேட்ட நோக்கத்திற்கு மட்டும் பயன்படுத்துதல், நோக்கம் முடிந்ததும் அழித்துவிடுதல் ஆகிய மூன்றையும் நம் நிறுவனங்களின் நடைமுறையாக்குவதே முதற்பணி.