அட்டையும் அகமும்

தன் புத்தகத்தின் அட்டையைப் பற்றி நாவலாசிரியன் பேசக்கூடாது என்பார்கள். எனக்கு அந்த உரிமையை ஒரு விபத்து வாங்கிக் கொடுத்தது. என் நாவல் ஒன்றின் அட்டையில் ஒரு பெண் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள்; உள்ளே முந்நூறு பக்கத்திலும் யாரும் அழவில்லை. "அழுதால்தான் சார் விற்கும்" என்றார் பதிப்பாளர். வாசகனுக்கு அட்டை என்ன கடமைப்பட்டிருக்கிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டபாடில்லை.

இதற்கு இங்கிலாந்தின் பெங்குவின் புத்தகங்களில் இரண்டு விடைகள் உண்டு. 1935-ல் ஆறு பென்னி விலையில் அவை வெளிவந்தபோது, எட்வர்ட் யங் அமைத்த அட்டை வெகு எளியது. படுக்கைவாட்டில் மூன்று பட்டைகள். மேலும் கீழும் வர்ணம், நடுவில் வெள்ளை. நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை. 1947-ல் அங்கே வந்த யான் ஷிக்கோல்ட் இதைக் கலைக்கவில்லை. பெரிய எழுத்துகளுக்கிடையே கண்ணால் அளந்து இடைவெளி விட்டார். பெங்குவின் பறவையைத் திருத்தி வரைந்தார். அச்சுக்கோப்பவர்களுக்கு விதிமுறை எழுதிக் கொடுத்தார். பட்டை அதேதான், அதற்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

1961-ல் ரோமெக் மார்பர் துப்பறியும் வரிசைக்கு வேறு கட்டம் போட்டார். மேல் மூன்றில் ஒரு பங்கில் மெல்லிய கோடுகளுக்கிடையே, இடது ஓரத்தை ஒட்டித் தலைப்பும் ஆசிரியர் பெயரும். மீதி முழுவதும் படம்.

கோடு, வர்ணம், எழுத்து, வெற்றிடம் - இருவர் கையிலும் இருந்தவை இவைதாம். அதே ஏழு ஸ்வரம், ராகம் வேறு. ஷிக்கோல்ட் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்திச் சமநிலை காண்கிறார். மார்பர் ஒரு பக்கம் சாய்த்துவிட்டுப் படத்தின் கனத்தால் ஈடுகட்டுகிறார்.

இதில் எது சுதந்திரம், எது கட்டுப்பாடு? இளமையில், 1928-ல், நடுவில் நிறுத்தும் பழக்கத்தையே சாடிப் புத்தகம் எழுதியவர் ஷிக்கோல்ட். 1933-ல் நாஜிகள் அவரைச் சிறைபிடித்தார்கள்; விடுதலையானதும் ஸ்விட்ஸர்லாந்து போனார். தம் பழைய பிடிவாதத்திலும் அந்த அடக்குமுறையின் சாயலைப் பின்னாளில் கண்டு, நடுவுக்கே திரும்பினார். மார்பரோ நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர். அவர் தேர்ந்தது ஓரத்தை. ஆகவே விதியில் விடுதலை இல்லை. அதைக் கையாளும் மனத்தில்தான் இருக்கிறது.

குறையும் சொல்லவேண்டும். ஷிக்கோல்டின் அட்டை மௌனி. உயர்ந்த நாவலும் சாதாரண நாவலும் ஒரே சீருடையில் நிற்கும். மார்பர் பேசுகிறார், ஆனால் கதையைக் காட்டிக்கொடுப்பதில்லை. டாரதி ஸேயர்ஸ் நாவல்களின் அட்டைகளில் சின்னஞ்சிறு வெள்ளை மனித உருவம் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. பயம் புரிகிறது; கொலைகாரன் யார் என்பது புரிவதில்லை. ஆனால் இந்த முறையில் ஓர் அபாயம் உண்டு. படத்துக்கு விட்ட இடத்தில் திறமையற்றவன் கை பட்டால், கட்டம் எவ்வளவு நேர்த்தியானாலும் காப்பாற்றாது.

ஒரு ராத்திரியில் படித்து முடிக்கும் கதைக்கு மார்பர். மறுபடி மறுபடி எடுக்கும் நாவலுக்கு ஷிக்கோல்ட். இது என் கட்சி. வாசகர் மாறுபடலாம். ஒன்றில் மட்டும் இருவரும் ஒன்று: உள்ளே இல்லாததை இருவரும் வெளியே விற்கவில்லை.

என் நாவலுக்கு மறுபதிப்பு வந்தால் அந்தப் பெண்ணின் கண்ணீரைத் துடைக்கச் சொல்வேன். வெறும் பெயர் போதும். நடுவிலோ ஓரத்திலோ, எங்கே வேண்டுமானாலும் போடட்டும்.