நலம் கேட்கும் முறை

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து கள்ளக்குறிச்சியில் மருத்துவம் பெறுவோரைச் சந்திக்க நாம் செல்வதுண்டு. வருவோர் எல்லாரும் நோயைப் பற்றியே கேட்டதால் சலித்துப்போயிருந்த முதியவர் ஒருவர், "இந்த வருசம் சாமை வெளைச்சல் எப்படிங்கய்யா?" என்று ஒருவர் வினவியதும் எழுந்து அமர்ந்தார். கு. அழகிரிசாமி தம் நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பைப் படிக்கையில் அம்முகமே நம் நினைவுக்கு வந்தது.

இருவரும் 1923-இல் இடைசெவலில் பிறந்தவர்கள். அழகிரிசாமி பிழைப்பைத் தேடிச் சென்னைக்கும் பின்னர் மலாயாவுக்கும் சென்றார். இளமையிலேயே காசநோயோடு போராட நேர்ந்த கி.ரா. ஊரிலேயே தங்கினார். அக்காலத்தில் அந்நோய் என்றாலே தனிமை. வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு 1959-இல்தான் உலகுக்குக் காட்டியது. அதுவரை, தொற்றுக்கு அஞ்சாமல் நோயாளியின் அறைக்குள் வரக்கூடிய விருந்தாளி கடிதமே.

இத்தொகுப்பை இலக்கிய வரலாற்றுச் சான்றாக மட்டும் மதிப்பிடுவோர் உண்டு. அது போதாது என்பது நம் கருத்து. அழகிரிசாமி நலம் விசாரிப்பதோடு நின்றுவிடவில்லை. இசையைப் பற்றியும் நூல்களைப் பற்றியும் தமக்கு நிகரானவரிடம் பேசுவதுபோலவே பேசுகிறார். கி.ரா.வின் 'மாயமான்' சிறுகதை 'சரஸ்வதி'யில் வெளிவந்தது 1958-இல். அதற்கு வெகு முன்பே அவரோடு இலக்கியம் பேசியவர் இந்நண்பர். பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் தூய பவுலும், சாகும் நிலைவரை நோயுற்றுத் தேறிய தோழரைத் தம் உடனுழைப்பாளராகவே மதிக்கிறார். இரக்கம் குனிந்து பார்க்கும். நட்பு அருகில் அமரும்.

இத்தொகுப்பில் ஒரு குறையும் உண்டு. ஒருவர் குரலே கேட்கிறது, மறுமொழிகள் இல்லை. நோயுற்றவர் தம் நண்பருக்கு என்ன கொடுத்தார் என்பதை நாம் ஊகிக்கவே வேண்டியுள்ளது. ஆயினும், வந்த கடிதங்களை அவர் பேணிக் காத்தாரே, அதுவே பெரிய மறுமொழி அன்றோ!

ஊக்கமூட்டி எழுதிய அழகிரிசாமி 1970-இல், தம் 46-ஆம் வயதில் மறைந்தார். காசநோயிலிருந்து மீண்ட கி.ரா. 97 வயதுவரை வாழ்ந்து, 2021-இல் நம் புதுவையில் கண்மூடினார். யார் யாருக்கு ஆறுதலாவோம் என்பதை நாம் முன்கூட்டி அறிய இயலாது. எனவே, அடுத்தமுறை நோயுற்றவரைக் காணச் செல்லும்போது, நோயைப் பற்றிக் கேட்டபின், சற்று நேரம் அவரது சாமையைப் பற்றியும் கேட்போமாக.