ஆசி ஆலயமும் அழகற்ற சிலுவையும்

பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலைச்சரிவில், மோன் பிளாங் சிகரத்துக்கு எதிரே, ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் ஆசி என்னும் சிற்றூர் உள்ளது. தூய காற்றை நாடிக் காசநோயாளர் அங்கு வந்தனர். மருத்துவ இல்லங்கள் பல எழுந்தன. நோயாளருக்கும் ஊராருக்கும் ஓர் ஆலயம் வேண்டுமெனக் குருவானவர் ழான் டெவமி முயன்றதன் பயனே 1950இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆசி ஆலயம்.

கட்டடக் கலைஞர் மோரிஸ் நோவரினா மலைநாட்டு வீட்டையே மாதிரியாகக் கொண்டார். பனிச்சுமை தாங்கும் அகன்ற கூரை, பருத்த கல்தூண்கள், தாழ்ந்த முகமண்டபம் ஆகியவை ஆடம்பரமின்றி மண்ணோடு ஒட்டி நிற்கின்றன. அடைக்கலம் தேடி வருவோர்க்கு ஏற்ற வடிவம் இது.

ஆனால், ஆலயத்துக்குப் புகழ் தந்தது கட்டடமன்று. டொமினிக்கன் துறவி மரி-அலேன் கூத்தூரியே, விசுவாசமுள்ள சாமானியரைவிட விசுவாசமற்ற மேதையே மேல் என்னும் துணிவோடு கலைஞரைத் தேர்ந்தார். முகப்பு மொசைக்கைப் பொதுவுடைமையாளர் பெர்னான் லெஜே ஆக்கினார். பீடத்தின் பின்னுள்ள வெளிப்படுத்தின விசேஷத் திரைச்சீலையை ழான் லூர்சா வரைந்தார். ஞானஸ்நான மண்டபத்தில் செங்கடலைக் கடக்கும் காட்சியை யூதராகிய மார்க் ஷகால் 1957இல் அமைத்தார். ஒவ்வொன்றும் சிறந்ததே. எனினும் அவை ஒன்றோடொன்று உரையாடவில்லை. ஆராதனைக்கூடம் கலைக்கூடமாகிவிடும் அபாயம் இங்கு உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இக்குறைக்கு விலக்காக நிற்பது ஜெர்மேன் ரிஷியே என்னும் பெண் சிற்பி வார்த்த வெண்கலச் சிலுவையே. அதில் முகம் தெளிவாக இல்லை. உடல் சிதைந்த மரம்போல் சிலுவையோடு ஒன்றிக் கிடக்கிறது. 1951இல் ஆஞ்சே நகரத்தில் பழமைவாதிகள் இதை இறைநிந்தை எனக் கண்டித்தனர். அவ்வாண்டே ஆன்சி மறைமாவட்ட ஆயரின் ஆணையால் அது பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தே மீண்டும் தன் இடத்துக்கு வந்தது.

எதிர்த்தோரின் அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. கிறிஸ்து மெய்யாகவே மனிதரானார் என்று அறிக்கையிடும் சபை, அவரது மனித உருவம் அழிவதைக் கண்டு கலங்குவது இயல்பே. ஆயினும் ஏசாயா 53ஆம் அதிகாரம் காட்டும் தாசனிடம் விரும்பத்தக்க ரூபம் ஏதும் உண்டோ? நுரையீரல் அரிக்கப்பட்டு, உறவினரால் அஞ்சி ஒதுக்கப்பட்ட நோயாளி, அழகிய கிறிஸ்துவின்முன் தன்னை அந்நியனாகவே உணர்ந்திருப்பான். இச்சிலுவையிலோ அவன் தன் உடலையே கண்டிருக்கக்கூடும். அந்த ஆலயம் யாருக்காகக் கட்டப்பட்டதோ, அவருக்காகவே செய்யப்பட்ட படைப்பு இது. ஆகவே மற்றவற்றினும் இதுவே அவ்விடத்துக்கு உரியது என்பது நம் துணிபு.

சீர்திருத்தச் சபையாராகிய நாம் இதைப் பிறர் வழக்கென்று தள்ளிவிட இயலாது. நமது வெறுஞ்சிலுவை உயிர்த்தெழுதலை அறிவிக்கிறது, நன்று. ஆனால், மெருகேற்றிய பித்தளையாய்ப் பீடத்தில் மின்னும்போது, அது பாடுகளையும் கண்மறைவாக்கிவிடக்கூடும். உருவத்தை விலக்கியதாலேயே நாம் அழகு வழிபாட்டிலிருந்து தப்பிவிட்டோம் என எண்ணலாகாது. சிலுவையை அலங்காரமாக்கும் சோதனை எல்லாச் சபைக்கும் பொதுவானது. நோயுற்றவர் நம் ஆலயத்துள் நுழைகையில் தம்மை அறிந்த ஆண்டவரைக் காண்கிறாரா என்பதே, பிரசங்கபீடத்திலும் பீடத்திலும் நிற்கும் நம்மிடம் ஆசி ஆலயம் எழுப்பும் வினா.