கங்காணியும் கண்காணியும்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் முடிவடையாத மாளிகை ஒன்று நிற்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து தோட்டம் போட்ட வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் அதைக் கட்டத் தொடங்கினார். 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்ததும் வேலை பாதியில் நின்றுபோனது. கட்டட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்தார் என்றும், ஸ்பானியக் காய்ச்சலில் பலர் மாண்டபோது கோயில் கட்டித் தரும்படி அவர்கள் கேட்டார்கள் என்றும் சொல்வார்கள். அருகிலிருக்கும் மாரியம்மன் கோயிலின் கூரையில், தெய்வ உருவங்களுக்கு நடுவே, தொப்பி அணிந்த துரையின் உருவமும் நிற்கிறது.

ஆட்சி என்றால் என்னவென்று பேராத் தோட்டத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பொழுது விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் வரிசைக்கு, மணி அடித்தால் அது ஆட்சி. பேர் போடுவதும் போடாமல் விடுவதும் ஆட்சி. பங்களாவில் துரை, ஆபீஸில் கிராணி, நிரையில் கங்காணி, லயத்தில் நாம். அந்த லயங்களிலிருந்த கிறிஸ்தவர்கள் மாலை நேரத்தில் முழங்காலிட்டு வேறோர் ஆட்சி வரவேண்டுமென்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது எதை? கேட்டதன் பொருளைச் சபைகள் எப்படியெல்லாம் விளங்கிக்கொண்டன? எந்த அளவுகோலால் அந்தச் செபத்தைச் சோதிப்பது? இங்கே இதையே பார்க்க நினைக்கிறேன்.

சொல் வந்த வழி

இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுத்தந்த செபத்தை மத்தேயுவும் லூக்காவும் எழுதிவைத்தார்கள். நாளுக்கு மூன்று முறை இதைச் சொல்லவேண்டும் என்று ‘திதக்கே’ என்னும் மிகப் பழைய சபை நூல் விதிக்கிறது. முழு நற்செய்தியின் சுருக்கம் இது என்றார் தெர்த்துல்லியன். தமிழுக்கும் இது தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் உள்ளூர் ஆட்களைக் கொண்டு முதலில் தமிழாக்கியவற்றுள் இதுவும் ஒன்று. 1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் செப நூல், 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ ஆகிய இரண்டும் நம் மொழியின் அச்சு வரலாற்றுக்கே வாசல்கள்.

கத்தோலிக்கப் பெரியவர்களுக்கு இது பரலோக மந்திரம். சீர்திருத்தச் சபைகளுக்குப் பரமண்டல ஜெபம். ‘உமது ஆட்சி வருக’ என்னும் இரண்டாம் மன்றாட்டில் பழையவர்கள் ‘ராஜ்யம்’ என்றார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘ஆட்சி’ என்கிறது. வேறுபாடு சிறியதல்ல. ராஜ்யம் என்றதும் எல்லைகளும் கோட்டையும் உள்ள ஓர் இடம் நினைவில் எழுகிறது. ஆட்சி என்றால் ஒருவர் செய்யும் செயல். இயேசு பேசிய அரமேயச் சொல்லிலும் நற்செய்தியின் கிரேக்கச் சொல்லிலும் இரண்டு பொருளும் உண்டு என்றாலும், செயலே முந்தி நிற்கிறது.

மத்தேயு பல இடங்களில் ‘பரலோகராஜ்யம்’ என்று எழுதுகிறார். கடவுளின் பெயரை வாயால் சொல்லத் தயங்கிய யூதப் பணிவு அது. தமிழ்க் காதிலோ பரலோகம் செத்தபின் போகும் ஊர். அதனால் இந்த மன்றாட்டைப் பலர் நல்ல சாவுக்கான வேண்டுதலாகவே சொல்லிவந்திருக்கிறோம். ஆனால் வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘போகவேண்டும்’ என்று அது சொல்லவில்லை, ‘வருக’ என்கிறது. நாம் இங்கிருந்து கிளம்ப வேண்டியதில்லை. அதுதான் இங்கே வரவேண்டும், லயத்துக்கும் நிரைக்கும் பால் நிறுக்கும் இடத்துக்கும்.

இன்னும் மூன்று சொற்கள் உண்டு. ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் நிறைவேறிய திருப்புதல்தான் மலாயாத் தோட்டத்துச் சீர்திருத்தச் சபையார் பலரின் கையிலிருந்த வேதாகமம். மலாயாவில் ரப்பர் பெருகுமுன் சென்னை மாகாணத்தில் உருவானது அது. அதில் சபைத் தலைவருக்கு வழங்கும் சொல் ‘கண்காணி’. மனிதரை அடக்கி ஆளும் ஆவிக்குரிய வல்லமைகளுக்குப் பவுல் சொன்ன சொல் ‘துரைத்தனங்கள்’ என்று வந்திருக்கிறது. கூலியாட்கள் அமர்த்தப்படும் இடம் ‘தோட்டம்’. கங்காணியின் தடியும் துரையின் தொப்பியும் கண்முன்னே இருந்த மக்கள் இந்தப் பக்கங்களை வாசித்தபோது எதைக் கேட்டிருப்பார்கள்? நம் போராட்டம் துரைத்தனங்களோடு என்ற எபேசியர் நிருபம், எந்த விளக்கவுரையும் இல்லாமலே, பேராவில் ஒரு தோட்டத்து வாக்கியமாகிவிடுகிறது.

ஐந்து பள்ளிகள்

முதலாவது, இருதயப் பள்ளி. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிகன், இந்த மன்றாட்டைச் சொல்பவர் தமக்குள்ளே கடவுளின் ஆட்சி முளைத்துக் கனிதரக் கேட்கிறார் என்றார். பக்தி இயக்கத்தார் எல்லாரும் இந்த வழியில் நின்றவர்கள். கோபமும் குடியும் அடங்கிய மனம்தான் இவர்களுக்கு ஆட்சி வந்ததன் அடையாளம். கள்ளுக்கடை இருந்த தோட்டங்களில் இது வெறும் தனிமனித ஒழுக்கப் பேச்சாக நின்றுவிடவில்லை. சம்பளம் வீடு வந்து சேர்வதே ஒரு விடுதலை.

இரண்டாவது, சபைப் பள்ளி. 410-இல் ரோம் சூறையாடப்பட்டபின் அகுஸ்தீனார் எழுதத் தொடங்கிய ‘கடவுளின் நகரம்’ இதன் பெரிய நூல். மனிதரின் பேரரசுகள் விழும், அந்த நகரம் விழாது. பேராவில் இந்த எண்ணம் மண்ணிலும் வேர்விட்டது. பாகான் செராயில் பாரிஸ் மறைபரப்புச் சபையின் குரு ரெனே ஃபே தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியமர்த்தி உழவூர் ஒன்றை உருவாக்கினார். கோயில் மணிக்கு எழுந்து வயலுக்குப் போகும் ஊர், துரை இல்லாத ஊர். மெதடிஸ்டுகளும் 1903-இல் சீனாவின் பூச்சோ மக்களைச் சித்தியவானில் அப்படிக் குடியமர்த்தினார்கள். சபைக்கு அதிகாரம் கிடைத்தால் சபையே ராஜ்யம் என்று நினைத்துவிடும் ஆபத்தும் இந்தப் பள்ளியில் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் இதைத் திருத்தியது. திருச்சபை ஆட்சியின் வித்தும் தொடக்கமுமே, முழு விளைச்சல் அல்ல என்பது அதன் நிலை.

மூன்றாவது, லூத்தரின் பள்ளி. அவர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம், நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கடவுளின் ஆட்சி தானாகவே வரும், அது நம்மிடத்திலும் வரவேண்டும் என்றே கேட்கிறோம் என்று விளக்குகிறது. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய நாள்முதல் தமிழ்ப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த பாடம் இது. மலேசிய லூத்தரன் சபை அந்தத் தரங்கம்பாடி வேரில் கிளைத்தது. கங்காணியின் தயவில் வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வரவேண்டியது வருவதற்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

நான்காவது, கைவேலைப் பள்ளி. ஆட்சி வரக் கேட்பவன் சும்மா இருக்கலாகாது என்பது வெஸ்லியின் வழி. 1895-இல் ஈப்போவில் ஹோர்லி பாதிரியார் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினார். 1912-இல் லசால் சகோதரர்களின் செயிண்ட் மைக்கல் பள்ளி வந்தது. பால்மரம் சீவும் கத்தி அப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போகாமல் தடுத்த சுவர் பள்ளிக்கூடம்தான். இன்று தமிழுக்கென்று தனி ஆண்டுப் பேரவை வைத்திருக்கும் மெதடிஸ்ட் சபையில் இந்த உழைப்பின் மரபு தொடர்கிறது. கத்தோலிக்கர் பக்கத்தில் 1976-இல் தீபகற்ப மலேசியக் குருக்கள் ஒரு மாதம் கூடி ஆராய்ந்தபின், சிறு சிறு அக்கம்பக்கக் குழுக்களாகச் சபையைக் கட்டும் வழி வலுப்பட்டது. தமிழில் அதற்கு அமைந்த பெயர் அன்பியம்.

ஐந்தாவது, காத்திருப்போர் பள்ளி. 1920களில் கொழும்பில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷன் வெள்ளுடை ஊழியர்களோடு மலாயாவுக்கு வந்தது. இவர்களுக்கு இந்த மன்றாட்டின் பொருள் ஒன்றே: இயேசு சீக்கிரம் வருகிறார். ஆதிச் சபையின் ‘மாரநாதா’வும் இதைத்தான் கேட்டது. இதை உலகை விட்டு ஓடுவது என்று எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை. அந்தக் காலத்தைத் தாண்டியவனிடம் உலகம் மெல்ல மெல்லத் திருந்தும் என்று சொன்னால் நம்புவானா?

மூன்று அளவுகோல்கள்

இவற்றுள் எந்தப் பள்ளி சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒவ்வொன்றும் மற்றொன்று மறந்ததை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் சோதிக்கும் அளவுகோல்கள் அந்தச் செபத்துக்குள்ளேயே இருக்கின்றன.

ஒன்று, வரிசை. அப்பத்தைக் கேட்குமுன் ஆட்சியைக் கேட்கிறோம். கடவுளின் பெயர், அவர் ஆட்சி, அவர் விருப்பம், அதன்பிறகே நம் சோறு. இந்த வரிசை மாறினால், அதாவது வீடு, வேலை, மகனின் பரீட்சை எல்லாம் முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் அவர் ஆட்சியைக் கேட்டால், நாம் நம் ஆட்சிக்குத்தான் அவருடைய கையெழுத்தைக் கேட்கிறோம்.

இரண்டு, வினை. தமிழ் இலக்கணத்தில் ‘வருக’ என்பது வியங்கோள். வாழ்த்துக்கும் வேண்டுதலுக்கும் அதே வடிவம். கல்யாணப் பந்தலில் விருந்தாளியை அழைக்கும் அதே சொல்லால் கடவுளின் ஆட்சியை அழைக்கிறோம். விருந்தாளியை நாம் உண்டாக்குவதில்லை, ஆனால் வாசலைப் பெருக்கிவைக்கிறோம். ஆட்சியை நாங்களே கட்டி எழுப்புகிறோம் என்னும் பெருமைக்கும், எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்னும் சோம்பலுக்கும் இந்த ஒரு வினையே பதில்.

இந்த அளவுகோலின் கசப்பான பாடத்தைப் பேரா கற்றிருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. துரைகள் செத்தார்கள், துரைத்தனம் சாகவில்லை. முள்வேலிக்குள் மாற்றப்பட்ட லயங்களிலும் ஊரடங்கிலும் அது இன்னும் இறுகியது. பவுல் அந்தச் சொல்லைச் சொல்லும் இடத்தில், போராட்டம் இரத்தமும் சதையுமான மனிதரோடு அல்ல என்றும் சேர்த்தே சொல்கிறார். வெள்ளைத் துரை போனபின் நம்மவர் துரையானார். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டுக் கிளம்பியவர்கள் ஈப்போவின் புந்தோங்கிலும் சிலிபினிலும் ஊரோரத்து அடுக்குமாடிகளிலும் வந்து ஒண்டினார்கள். ஆளைக் கணக்கில் ஒரு எண்ணாக மட்டும் பார்க்கும் துரைத்தனம் ஒவ்வொரு முறையும் சட்டை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

மூன்று, ‘எங்கள்’. இந்தச் செபத்தில் ‘என்’ என்ற சொல் இல்லை. நம் மொழியில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரை வெளியே நிறுத்துவது ‘எங்கள்’. செபத்தில் கேட்பவர் கடவுள், ஆகவே அவர் ஒருவரைத் தவிர வேறு யாரையும் வெளியே நிறுத்த அந்தச் சொல்லுக்கு உரிமை இல்லை. நாமோ நிறுத்தியிருக்கிறோம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக நடுச்சுவர் வைத்தே கோயில் கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தச் சுவர் இடிபட்டது. இங்கும் சாதி பார்த்து லயம் ஒதுக்கிய தோட்டங்கள் உண்டு. சுவருக்கு இருபுறமும் அதே செபம், அதே ‘எங்கள்’. கங்காணி தன் ஆட்களை எண்ணுவான், தன் தலைக்காசுக்காக. வேதாகமம் சொல்லும் கண்காணி எண்ணுவது, யாராவது விடுபட்டார்களா என்று பார்க்க. சபைத் தலைமை எந்தக் கணக்கை வைத்திருக்கிறது என்பதே ஆட்சி வந்ததா என்பதற்கான சோதனை.

கடைசி மணி

கடவுளின் ஆட்சியை விளக்க இயேசு சொன்ன உவமைகளில் தோட்டத்து ஆட்களுக்கு உரை தேவைப்படாத ஒன்று உண்டு. திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் போய் ஆட்களை அமர்த்துகிறார். பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி. கடைசியாகப் பதினோராம் மணிக்கும் போகிறார். அப்போதும் சந்தைவெளியில் நிற்பவர்கள் சொல்லும் காரணம், எங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்பது. சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே கூலி. முழுநாள் சம்பளத்துக்கும் அரைநாள் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் வயிற்றில் தெரிந்த மக்களுக்கு இது எப்படிப்பட்ட செய்தி! பெரட்டில் பிந்தியதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு, அந்த ஆட்சியில் அன்றைய அரிசி உண்டு.

அந்த உவமையில் நாம் எப்போதும் நம்மைக் கடைசி மணி ஆட்களோடு சேர்த்தே வாசித்துவந்தோம். நூறு ஆண்டுக்கு அது நியாயமாகவும் இருந்தது. இப்போது விடியலில் லாரி ஏறிச் செம்பனைக் காட்டுக்குப் போகிறவர்கள் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர். நம் தாத்தா பாட்டி இருந்ததுபோன்ற வரிசை வீடுகள், அவர்கள் பட்டதுபோன்ற ஏஜெண்டுக் கடன். அவர்களில் கிறிஸ்தவரும் உண்டு. ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, மொழி தெரியாமல், அந்த ஒரு செபத்தின்போது மட்டும் உதடு அசைக்கிறார்கள். ராகத்தை வைத்தே அது எந்தச் செபம் என்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

2016-இல் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் பேராயர்கள் தொடங்கிய ஓர் அழைப்பு, விண்ணேற்றம் முதல் பெந்தெகொஸ்தே வரையிலான 11 நாள்களை இந்த மன்றாட்டுக்கென்றே ஒதுக்கும்படி கேட்டது. அது பல நாடுகளில் பல சபைகளுக்குப் பரவியது. நல்லது. ஆனால் ஈப்போவில் அந்த 11 நாளும் செபிப்பவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும். இந்த அந்நியர் வந்ததால்தான் நம் பிள்ளைகளுக்கு வேலை போயிற்று, கூலி குறைந்தது என்று கோயில் வாசலில் காபி குடித்துக்கொண்டே நாம் பேசுவது, உவமையில் யாருடைய குரல்?

விடியலில் வந்து வெயிலெல்லாம் தாங்கியவர்களின் குரல் அது. அவர்கள் சொன்னது பொய்யில்லை. உழைத்தது உண்மை, சுமந்தது உண்மை. அவர்களுக்குப் பேசிய கூலியும் குறையவில்லை. பின்னால் வந்தவனைத் தங்களுக்குச் சமமாக்கியதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. எஜமான் அவர்களில் ஒருவனைச் சிநேகிதனே என்று கூப்பிட்டு, நான் தயாளனாயிருப்பது உன் கண்ணை உறுத்துகிறதா என்று கேட்கிறார். அவன் என்ன பதில் சொன்னான் என்று மத்தேயு எழுதவில்லை.