யார் வீட்டு அடுப்பு?

எங்கள் வீட்டில் அட்டை கழன்ற ஒரு 'சமைத்துப் பார்' இருக்கிறது. பருப்புத் துவையல் பக்கத்தில் மஞ்சள் படிந்த விரல் ரேகை. அம்மாவுடையதாகத்தான் இருக்கும். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் இந்த நூலைக் கொண்டுவந்ததே ஒரு தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் என்று தோன்றும்: வெளியூருக்குப் போன சொந்தக்காரர்கள் ஒரு குழம்புக்கும் ஊறுகாய்க்கும் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லாவற்றையும் புத்தகமாக எழுதிவிடு என்று தூண்டியவர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ இல்லாதவளுக்கு எழுதியதால்தான், 'கைப்பக்குவம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் ஆழாக்கு, பலம் என்று அளவைச் சொல்ல வேண்டிவந்தது. பின்னாளில் அமெரிக்கா போகும் புதுப்பெண்களின் பெட்டியிலும் அது ஏறியது. ஆனால் அதிலிருப்பது முழுக்கச் சைவ அடுப்பு.

செய்முறையைத் தாண்டி உணவைப் பற்றிப் படிக்கத் தமிழில் இப்போது பஞ்சமில்லை. முகிலின் 'உணவு சரித்திரம்' தகவல் களஞ்சியம். சமஸின் 'சாப்பாட்டுப் புராணம்' கடைவாசலுக்கே கூட்டிப்போகும். பசியோடு படிக்கக் கூடாது. பா. ராகவனின் 'ருசியியல்' சிரிக்கவைக்கும். ஆனால் திரும்பத் திரும்ப நான் எடுக்கும் இரண்டுமே உணவு நூல்கள் என்று பெயர் வாங்காதவை.

ஒன்று, ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. தலைப்புக் கட்டுரை ஒரு டம்ளர் காப்பியை வைத்துக்கொண்டு நடுத்தர வர்க்கத்தின் ஜாதகத்தையே கணித்துவிடுகிறது. காலையில் பழையதும் நீராகாரமும் இருந்த இடத்தில் காப்பி வந்து உட்கார்ந்ததைப் பார்த்துப் பெரியவர்கள் புலம்பியதும், காப்பி ஒரு கூட்டத்தின் கௌரவமாகவும் டீ உழைப்பாளியின் பானமாகவும் பிரிந்ததும் அதில் வருகின்றன.

மற்றது, தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. உணவுக்கு அவர் ஒதுக்கியவை சில பக்கங்களே. கறி என்றால் முதலில் மிளகு. மிளகு கூடுதலாகச் சேர்ந்ததால் இறைச்சிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்கிறார். சம்பளம் என்ற சொல்லைச் சம்பா நெல்லும் உப்பளமுமாகப் பிரித்துக் காட்டுகிறார். சொல்லாராய்ச்சிக்காரர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். கூலியையும் உப்பையும் ஒரே மூச்சில் நினைக்கவைத்தாரே, அதுதான் எனக்கு முக்கியம்.

ஆங்கிலத்தில் எழுதியவர்களில் கே.டி. அச்சய்யாவைத் தவிர்க்க முடியாது. எண்ணெய் வித்துகளை ஆராய்ந்த வேதியியலாளர்; 1994இல் இந்திய உணவின் வரலாற்றை எழுதினார். நம் இட்லியின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டவர் அவர். பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலான 'வட்டாராதனே'யில் 'இட்டலிகே' இருக்கிறது, ஆனால் அது உளுந்து மட்டும். அரிசி சேர்த்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைப்பது இந்தோனேசியத் தொடர்பால் வந்திருக்கலாம் என்றார். இதைச் சொன்னால் இன்றும் நம்மவர்களுக்குக் கோபம் வரும். கருதுகோள்தான், முடிந்த முடிவல்ல.

இவை எவற்றிலும் இல்லாத அடுப்பு ஷாஹு படோளேயின் மராத்தி நூலில் எரிகிறது. அன்னம் பூரணப் பிரம்மம் என்பது அங்கே வழக்கு. 2015இல் வந்த தன் நூலுக்கு, அதில் ஓர் 'அ' சேர்த்து 'அன்ன ஹே அபூர்ணபிரம்ம' என்று பெயர் வைத்தார். மராத்வாடா தலித் வீடுகளின் சமையல். எண்ணெய், நெய், பால் வாய்க்காத சமையல். 2024இல் ஆங்கிலத்திலும் வந்தது. மாட்டிறைச்சியைக் கீற்றாக அறுத்து வெயிலில் காயவைக்கும் 'சான்யா' பற்றிய பகுதியில் நின்றுவிட்டேன்.

அம்மாவும் ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் பிசறி, நூலில் கோத்து, மாடிக் கொடியில் தொங்கவிடுவார். காக்கை விரட்ட என்னை உட்காரவைப்பார். அந்த உப்புக்கண்டத்துக்காக அவர் எந்தப் புத்தகத்தையும் திறந்து நான் பார்த்ததில்லை.