தஹ்தாவியின் பாரிஸ் நூலும் ஹுர்ரிய்யத் என்னும் சொல்லும்

மேல் எகிப்திலுள்ள தஹ்தா என்னும் ஊரிற் பிறந்து, அல்-அஸ்ஹரில் ஓதித் தேர்ந்த இளம் ஆலிம் ரிஃபாஆ அத்-தஹ்தாவி. 1826ஆம் ஆண்டு முஹம்மது அலீ பாஷா பாரிஸுக்கு அனுப்பிய மாணவர் குழுவிற்கு அவர் இமாமாகச் சென்றார். தொழவைக்கச் சென்றவர் பிரெஞ்சு மொழியையும் கற்றுத் தேறி, 1831இல் தாயகம் மீண்டார். அப்பயணத்தின் விளைவாக 1834இல் அச்சேறிய நூலே ‘தக்லீஸுல் இப்ரீஸ்’. அதிலுள்ள உணவு, உடை, நாடகக் கொட்டகை பற்றிய செய்திகளைச் சுவைப்போர் பலர். நம் சிந்தையைக் கவர்ந்ததோ, பிரான்சின் 1814ஆம் ஆண்டு அரசியற் சாசனத்தை அரபியாக்கி அவர் வரைந்துள்ள விளக்கமே.

பட்டமும் பதவியும் எதுவாயினும் பிரெஞ்சு மக்கள் அனைவரும் சட்டத்தின் முன் சமமென்று அச்சாசனத்தின் முதல் விதி கூறுகிறது. (முந்நூறு பிராங்கு நேர்வரி செலுத்துவோருக்கே வாக்குரிமை என்பதும் அதே சாசனத்தில் உள்ளதுதான்!) ‘ஹுர்ரிய்யத்’ என்று அம்மக்கள் விழைவது எதுவோ, அதுவே நம்மிடத்தில் ‘அத்ல்’ என்றும் ‘இன்ஸாஃப்’ என்றும் வழங்குகிறது என்பது தஹ்தாவியின் கருத்து. பழைய அரபியில் ‘ஹுர்ரு’ என்றால் அடிமையல்லாதவன். அரசியற் பொருள் அச்சொல்லுக்குப் பெரிதும் இருந்ததில்லை. ஆகவே, ஆலிம்கள் நாளும் ஓதும் சொல்லொன்றைத் துணைக்கழைத்துப் புதுக் கருத்தை அவர்தம் அவைக்குள் கொண்டுவந்தார். அந்தச் சாதுரியத்தை நாம் மெச்சுகிறோம்.

ஆயினும் இவ்விரண்டும் ஒன்றாகா. அத்ல் ஆள்வோன்மேலுள்ள கடமை. ஹுர்ரிய்யத் ஆளப்படுவோன் கையிலுள்ள உரிமை. நீதி தவறிய மன்னனுக்கு நஸீஹத் செய்யலாம், அவன் செவிசாயாவிடில்? விடையைத் தஹ்தாவி கண்ணாரக் கண்டார். 1830 ஜூலையில் பத்தாம் சார்ல்ஸ் பத்திரிகைச் சுதந்திரத்தைப் பறித்துக் கட்டளையிட்டபோது, பாரிஸ் மக்கள் மூன்றே நாட்களில் அவனது ஆட்சியைச் சாய்த்தனர். அதனை விரிவாகவே எழுதும் அவர், தம் சொல்விளக்கத்தைத் திருத்தினாரில்லை. பாஷாவின் செலவில் படித்தவரிடம் அதனை எதிர்பார்ப்பது சற்று மிகைதான்.

இத்தனைக்கும் அவர் பிறந்த எகிப்தைப் பற்றியே ஒரு செய்தி உண்டு. ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் மகனிடம் அடிபட்ட கிப்தி ஒருவர் மதீனா சென்று முறையிட, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சாட்டையை அக்கிப்தியின் கையிலேயே கொடுத்தார்கள் என்பது அது. ஸனதில் குறை காண்பார் உளர். நாமும் அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அத்லும் ஹுர்ரிய்யத்தும் கைகோத்து நிற்கும் காட்சி அது.

அக்லாக் பற்றிய நம் வருத்தம் வேறு. அதே 1830 ஜூலை 5ஆம் நாள் அல்ஜியர்ஸ் நகரம் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. கிறிஸ்தவ சமயத்தின் வெற்றியென்று அதனைப் பாரிஸ் பேராயர் கொண்டாடியதைக் கண்டிக்கும் தஹ்தாவி, அது அரசியலும் வாணிகத் தகராறும் விளைத்த போரே என்று கூறி அப்பாற் செல்கிறார். சட்டத்தின் முன் சமம் என்ற விதி கடல் கடந்து அல்ஜீரியருக்கு ஏன் எட்டவில்லை என்று அவர் கேட்கவில்லை. 1962 வரை அந்நாடு அதற்கு விலை கொடுத்தது.

பழங்கதை இன்று எதற்கு எனலாம். “மார்க்கத்தில் நீதி இருக்கிறது, எனவே சுதந்திரமும் அதற்குள் அடக்கம்” என்று நம் மேடைகளில் சொல்லி அமையும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நம் நாட்டு அரசியலமைப்பின் முகவுரையோ நீதியையும் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் தனித்தனியே நிறுத்தி எண்ணுகிறது.

தம் இறுதிக் காலத்தில் சிறுமியர்க்கும் சிறுவர்க்குமாக எழுதிய ‘அல்-முர்ஷிதுல் அமீன்’ நூலில் தஹ்தாவி ஹுர்ரிய்யத்தை ஐந்தாகப் பகுத்தார். அவற்றுள் ஒன்று ‘சுலூகிய்யா’. நன்னடத்தையையும் சுதந்திரத்தின் ஒரு வகையாக வைத்தது அவரது அருங்கொடை. அரசியற் சுதந்திரத்தையோ, குடிகளின் உடைமைக்கு அரசு தரும் பாதுகாப்பென்றே அப்போதும் வரையறுத்தார். இந்நூல்களைத் தமிழில் பெயர்ப்போர் ஹுர்ரிய்யத்துக்கு ‘விடுதலை’ என்பரோ, ‘உரிமை’ என்பரோ, காண ஆவலாயுள்ளோம்.