பர்மா தேக்கு என்னும் அளவுகோல்

1945 மே 2ஆம் தேதி, பர்மாவில் யாங்கோனுக்கு வடக்கே மிங்கலாடோன் விமானத் தளத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் மஸ்கிட்டோ விமானம் ஒன்று தரையிறங்கியது. ஓட்டி வந்தவர் 110ஆம் படைப்பிரிவின் தலைவர் சாண்டர்ஸ். ஜப்பானியர் நகரைக் காலி செய்துவிட்டதைக் கண்டுதான் அவர் இறங்கினார். குண்டுக் குழிகள் நிறைந்த ஓடுதளத்தில் விமானம் சேதமடைந்தது.

போர் வரலாற்றில் இது சிறிய நிகழ்வு. மரவேலை செய்பவர்களுக்கு இதில் வேறொரு செய்தி இருக்கிறது: மஸ்கிட்டோவின் உடலும் இறக்கைகளும் மரத்தால் ஆனவை. உடற்கூடு, பிர்ச் மரத்தின் மெல்லிய ஒட்டுப்பலகைகள் இரண்டுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துச் செய்தது. இறக்கையின் முதுகெலும்பு போன்ற சட்டம் ஸ்புரூஸ். பால்சா ஒரு கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோ. தேக்கு ஏறக்குறைய 650. மழையில் கிடந்தால் பிர்ச்சும் பால்சாவும் சீக்கிரம் மக்கிப்போகும், கறையானுக்கும் தாங்காது. நம் ஊர் மரவாடியில் அடிமாட்டு விலைக்குப் போகக்கூடிய அந்த மரங்கள்தான் அன்றைய மிக வேகமான விமானங்களில் ஒன்றைத் தூக்கிப் பறந்தன.

அவற்றுக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. இந்திய, பர்மியப் போர்முனையில் சில மஸ்கிட்டோக்கள் வானிலேயே உடைந்ததால் 1944 நவம்பரில் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். வெப்பமும் ஈரமும் பசையைக் கெடுத்தனவா, தொழிற்சாலையிலேயே இணைப்பில் இடைவெளி விட்டுவிட்டார்களா என்று வாதம் நடந்தது. இறக்கையின் மேற்புற இணைப்பின் மீது ஒட்டுப்பலகைப் பட்டை ஒன்றைப் பொருத்தியது தீர்வுகளில் ஒன்று. மரம் எது என்பதோடு விவகாரம் முடியவில்லை. அதை எப்படி உலர்த்தினார்கள், எப்படி இணைத்தார்கள் என்பதிலும் அதன் ஆயுள் இருந்தது.

தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. “பர்மா தேக்குதானே?” என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் நூறாண்டு தாண்டியும் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை வந்ததில் வியப்பில்லை. நம்பிக்கையில் நியாயமும் உண்டு. தேக்கு ஈரத்தில் அதிகம் உப்பாது, வெயிலில் அதிகம் சுருங்காது. அதன் வைரத்தில் உள்ள எண்ணெய்ப் பசையும் இயற்கை வேதிப்பொருள்களும் கறையானையும் பூஞ்சையையும் தள்ளி வைக்கின்றன. ஒரே மரத்தில் இத்தனை குணங்கள் சேர்ந்திருப்பது அரிது. கைதேராத தச்சருக்கும் அது கைகொடுக்கும்.

இழைப்புளியைப் பிடித்தவருக்கு மறுபக்கமும் தெரியும். தேக்குச் சுருள் தோல் வாசனையோடு பட்டாக விழும். ஆனால் மரத்துக்குள் இருக்கும் மணற்சத்து அலகின் கூர்மையை மழுக்கிவிடும், அடிக்கடி சாணை பிடிக்க வேண்டியிருக்கும். எண்ணெய்ப் பசை பிசினையும் எளிதில் பிடிக்கவிடாது. கழுந்தைத் தின்னரால் துடைத்து உடனே ஒட்டினால்தான் இணைப்பு நிற்கும். தேய்மானமும் அடியும் அதிகம் விழும் இடத்துக்கு இதைவிடக் கடினமான மரங்கள் உண்டு.

பர்மியர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். ரயில் பாதைக் கட்டைக்கும் பாலக் காலுக்கும் அவர்கள் நாடியது பியின்கடோ. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இருள் மரத்துக்கு நெருங்கிய சொந்தம். காய்ந்தபின் துளையிடாமல் ஆணி இறங்காது. வண்டிச் சக்கரத்துக்குப் படாவுக், அதாவது நம் வேங்கையின் உறவு. தமிழ்நாட்டுத் தச்சரும் ஒரு காலத்தில் இப்படித்தான் மரத்தைப் பிரித்துப் பார்த்தார்: சக்கரத்துக்குக் கருவேல், வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா, உத்தரத்துக்குப் பனை. அந்த அறிவு மங்கி, எல்லாவற்றையும் தேக்குக்கு மேல், தேக்குக்குக் கீழ் என்று ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது பெரிய இழப்பு.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பர்மா தேக்கும் கேரளத்தின் நிலம்பூர்த் தேக்கும் ஒரே இனம். மலபார் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் 1840களில் நிலம்பூரில் நட்ட தோப்பில் எஞ்சிய மரங்கள் இன்றும் ஓங்கி நிற்கின்றன. பர்மா மரத்தின் பெருமைக்குப் பாதிக் காரணம் அதன் வயது. மீதி, அதை உலர்த்திய விதம். 1856இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ் முதிர்ந்த மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டும் முறையை வகுத்தார். வெட்டுமுன் அடிமரத்தைச் சுற்றி வளையமாகச் செதுக்கி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதே அதற்குக் காரணம். மிதப்பதற்காகச் செய்த வேலை, பிறகு திருகாத கதவாக நமக்குப் பலன் தந்தது.

இன்று தோப்பில் இருபது ஆண்டில் வெட்டிய தேக்கை அறுத்த சில வாரத்திலேயே நிலையாக்கி, அது வளைந்ததும் “நாட்டுத் தேக்கு இப்படித்தான்” என்கிறோம். இளந்தேக்கு வலுவில் பெரிதாகப் பின்தங்குவதில்லை. அதன் குறை வெள்ளைப் பகுதி அதிகம் இருப்பதில்தான். பூச்சி முதலில் நுழைவதும் அங்கேதான். பலகையின் ஓரத்தில் ஓடும் அந்த வெளிறிய பட்டையைச் சாயம் பூசி மறைத்துவிட்டால், மேலே எந்த நாட்டின் பெயர் இருந்தும் பயனில்லை.

பர்மா, அதாவது இன்றைய மியான்மர், 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்தது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. காடும் கரைந்து வருகிறது. இந்த நிலையில் அலமாரியின் உள்தட்டுக்கும் கட்டிலின் அடிச்சட்டத்துக்கும் பர்மா தேக்கு கேட்பதை ஏற்க முடியாது. உள்தட்டுக்கு வேம்பு போதும். அதன் கசப்பே பூச்சிக்குக் காவல். கட்டில் சட்டத்துக்குப் பூவரசும் வேங்கையும் தாராளமாக ஏற்றவை. மழைச்சாரல் படும் வாசல் நிலைக்குத் தேக்கே வேண்டுமென்றால், வாங்கும்போது அறுத்த முனையைப் பார்த்து வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று கேட்கலாம். அறுத்து எத்தனை மாதம் ஆயிற்று, நிழலில் அடுக்கிக் காற்றோட்டம் விட்டார்களா என்றும் கேட்கலாம். இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்லும் மரவாடிக்காரர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.